கொக்குக் கூட்டத்துப் பங்காளி

எருமப்பட்டியில் செங்கோட்டையனைப் போல வாய் ஓயாத மனிதரைப் பார்ப்பது கஷ்டம். முட்டை விலை ஏறினாலும் பேசுவார், இறங்கினாலும் பேசுவார். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை என்றால் அவருடைய பண்ணைக் கோழிகளுக்கே கொஞ்சம் கவலை வந்திருக்கும். எல்லாம் அவருடைய ஒரே மகள் கிருத்திகா செய்த வேலை. திருச்செங்கோட்டு போர்வெல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தவளைக் கம்பெனி கென்யாவுக்கு அனுப்பியது. போனவள் சம்பளத்தோடு திரும்பி வரக் கூடாதா? அங்கே துளை போடும் ரிக் வண்டிக்கு சூப்பர்வைசராக இருக்கும் கிப்ரோனோ என்ற கென்யாக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள்.

பையன் கருப்பு என்று இழுத்த உறவுக்காரர்களுக்குச் செங்கோட்டையனின் மனைவி ரஞ்சனி, கட்டிலில் படுத்திருந்த தன் அண்டங்காக்கை நிறத்துப் புருஷனைக் கையால் காட்டினாள், அத்தோடு அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். செங்கோட்டையனுக்கு இடித்தது வேறு. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எங்கே போய் நிற்பது? உள்ளூர் ஸ்டேஷன் என்றால் ஏட்டு வரை தெரியும். நாமக்கல் கோர்ட் என்றால் வாசலில் டீ விற்கிறவர் வரை தெரியும். நைரோபியில் யாரைத் தெரியும்? பெண் அங்கே அழுதால் இங்கே கேட்காதே. அந்த ஒரு நினைப்புதான் அவரைப் போட்டு வாட்டியது.

ஆகவே பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்றதும் அவர் வடை பாயசத்துக்குச் சொல்வதற்கு முன்னால் வக்கீல் சுவாமிநாதனுக்குச் சொல்லிவிட்டார்.

வக்கீலுக்கோ தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் வரப்புத் தகராறு பார்த்துச் சலித்த மனிதருக்கு ஒரு வெளிநாட்டு விவகாரம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? வாரம் முழுக்கப் புத்தகத்தைப் புரட்டியிருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கல்யாணம் ரெண்டு நாட்டுலயும் செல்லோணுமுங்க. இங்க பதியறதுன்னா முன்னாடியே நோட்டீஸ் குடுத்துட்டுக் காத்திருக்கோணும். அவருக்கு அங்க ஏற்கெனவே கல்யாணம் ஆகலீன்னு அவங்க அரசாங்கம் எழுதித் தரோணும்."

"நெலம்?" என்றார் செங்கோட்டையன்.

"அவரு இங்க வெவசாய நெலம் வாங்க முடியாதுங்க. ஆனா நீங்க பொண்ணு பேருல எழுதி வெச்சீங்கன்னா, அவ காலத்துக்கப்புறம் அவருக்கும் ஒரு பங்கு வந்தாலும் வரலாம். அப்ப ரிசர்வ் பேங்க் வரைக்கும் போய் நிக்கோணும்."

"ஒத்து வராம பிரிஞ்சுட்டாங்கன்னா?"

வக்கீலின் முகம் மலர்ந்தது. "அங்கதான் இருக்குது சங்கதி. இங்க வாங்கற தீர்ப்பு அங்க செல்லுமான்னு பாக்கோணும். அங்க வாங்கறது இங்க செல்லுமான்னு பாக்கோணும். பெரும்பாலும் அங்க போய்த்தான் அலையோணும்."

"ஏனுங்க வக்கீலய்யா, நல்ல வார்த்தை ஒண்ணுகூட வராதுங்களா உங்க வாயில?"

உள்ளே இருந்து கிருத்திகா எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் நாங்களும் விசாரிச்சுட்டோம். என்ற பாஸ்போர்ட்டும் பேங்க் கணக்கும் என்ற கையிலதான் இருக்கும். கல்யாணத்த இங்கயே பதிஞ்சுட்டுத்தான் போவோம். அப்புறம் அங்கயும் இங்கயுமா இருப்போம்."

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவன் தென்னைமர உயரம். ஒட்டிக்கோ வேட்டி அவனுக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. கையில் தேயிலைப் பொட்டலம். குனிந்து நிலைப்படி தாண்டி, இரண்டு கையையும் கூப்பி, வாய் நிறையச் சொன்னான்.

"வணக்கமுங்க பங்காளி."

அவன் தமிழ் கற்றது ரிக் வண்டியில். திருச்செங்கோட்டுப் பையன்கள் விடிந்தால் ஒருவரை ஒருவர் பங்காளி, பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இதைவிட மரியாதையான சொல் தமிழில் கிடையாது என்று அவன் நம்பியிருந்தான்.

செங்கோட்டையன் வக்கீல் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இன்னும் செருப்பக்கூடக் கழட்டல, அதுக்குள்ள பங்குக்கு வந்துட்டாரு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இன்னொன்று உறைத்தது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்துக்குத் திரும்பியது. "கிருத்தி, இங்க வா கண்ணு. எனக்குப் பங்காளின்னா உனக்குச் சித்தப்பன் மொற. சித்தப்பனக் கட்டற வழக்கம் நம்ம பக்கம் இல்ல. முடிஞ்சுது போ."

ஒரு சட்டமும் இல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே குஷி. கிருத்திகா சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். வக்கீலுக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு படித்துவிட்டு வந்த கேஸ், வாசலிலேயே தள்ளுபடியா?

"அப்படி விட முடியாதுங்க. கூட்டம் கேட்டுருவோம்," என்றார். ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் அண்ணன் தங்கை, கட்டிக்கொள்ள மாட்டார்கள். ஜாதகத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் கேட்பது அதைத்தான். "ஏனுங்க தம்பி, நீங்க எந்தக் கூட்டம்?"

பையன் திருதிருவென்று விழிப்பான் என்று செங்கோட்டையன் நாற்காலியில் சாய்ந்தார்.

"கொக்குக் கூட்டமுங்க," என்றான் கிப்ரோனோ. "எங்க பக்கமும் உண்டுங்க. சிங்கம், தேனீ, கொக்குன்னு. ஒரே கூட்டத்துல கட்டவே கூடாதுங்க. நீங்க என்ன கூட்டமுங்க?"

"காடை," என்றார் செங்கோட்டையன். சொல்ல அவருக்கு மனசே இல்லை.

"கொக்கு வேற, காடை வேற. தடையேதும் இல்லை," என்றார் வக்கீல் நீதிபதியின் குரலில். அடுப்படியில் ரஞ்சனி சிரித்தது தெரு வரை கேட்டது.

பந்தியில் உட்காரும் முன் கிப்ரோனோவின் போன் அடித்தது. அப்பா இல்லாத அவனை வளர்த்த மாமன். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் திரையில் தெரிந்தார். பின்னால் தேயிலைத் தோட்டம். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர்.

"அவரு யாருங்க?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

"மாமனோட வக்கீலுங்க."

சுவாமிநாதன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். மாமன் ஏதோ கேட்டார். கிப்ரோனோ நெளிந்தான். "நம்ம தோட்டத்துல அந்தப் பொண்ணு பங்கு கேக்குமான்னு கேக்கறாருங்க."

செங்கோட்டையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ற பொண்ணா? பத்துத் தோட்டம் குடுத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டா. அவளப் பத்தி என்ன தெரியும் அவருக்கு? எடுத்த எடுப்புலயே ஒரு மனுசன இப்படியா சந்தேகப்படறது?"

சொன்ன பிறகுதான் அறையில் எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. வக்கீல் மெதுவாகச் செருமினார். "அந்த நாட்டுலயும் வெளிநாட்டுக்காரங்க வெவசாய நெலம் வாங்க முடியாதுங்க. ரெண்டு பக்கமும் பூட்டுத்தான்."

மாமன் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை மெதுவாகப் பேசினார். அதைத் தமிழில் சொல்லும்போது கிப்ரோனோவின் குரலும் இறங்கிவிட்டது.

"உங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. என்ற பையன் அங்க இருக்கறப்ப அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, நான் யார் ஊட்டுக் கதவத் தட்டறதுன்னு கேக்கறாருங்க."

அது ஒரு வாரமாகச் செங்கோட்டையனை வாட்டிய கேள்வி. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதரும் அதே கேள்வியோடு தூங்காமல் கிடந்திருக்கிறார். செங்கோட்டையனுக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. போனைப் பார்த்து நேராகவே பேசினார்.

"என்ற ஊட்டுக் கதவத்தான் தட்டோணும். வேற யாரு ஊட்டுக்குப் போவாங்க? பையனுக்கு ஒண்ணுன்னா நான் ஓடறேன். பொண்ணுக்கு ஒண்ணுன்னா அவரு ஓடோணும். அவ்வளவுதான். அப்படியே சொல்லு தம்பி, சம்மந்திகிட்ட."

ரஞ்சனி கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிப்ரோனோ பாதி சொல்லி நிறுத்தினான்.

"சம்மந்தின்னா என்னங்க? ரிக்குல இந்த வார்த்தை இல்லீங்க."

செங்கோட்டையன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் உத்தரத்தைப் பார்த்தார். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் திரையில் அந்தப் பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"பொண்ணு குடுத்தவனும் எடுத்தவனும் ஒருத்தர ஒருத்தர் கூப்பிடறது, சாமி."

கிப்ரோனோ விரல் மடக்கி உறவை எண்ணிப் பார்த்தான். "அப்ப நீங்க எனக்குப் பங்காளி இல்லீங்களா?"

"இல்ல சாமி," என்றார் செங்கோட்டையன். "மாமன்."