எட்டுப் பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரம் பேசும், அப்புறம்தான் நான் பேசுவேன். அந்த ஆயுத பூசையன்று விடிந்ததிலிருந்தே பாத்திரம் பேசிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஒற்றை அறை லயக் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. பாதிக் காம்பராவில் ஒரு ஒஸ்டின் காரின் என்ஜின் அக்கக்காகப் பிரிந்து சாக்கில் கிடந்தது.

சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன கார் அது. என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி, பேக்டரியில் மிசின் பார்க்கிறவர். ஓடாத காரை நாலு பேரைக் கூட்டித் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது லயமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எதற்காக வாங்கினார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் எனக்கு வலி கண்டபோது தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு லொறி. பறித்த கொழுந்தை எடை போட்டு இறக்கிவிட்டுத்தான் அது வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், றொசல்ல ஊரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது எனக்கு மறுபடியும் எட்டு மாதம். “இந்தத் தடவ கொழுந்து லொறி இல்ல நாகு” என்று மட்டும் அவர் சொன்னார்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். ஹட்டனில் கார்ச் சாமான் கடை வைத்திருந்த மக்பூல் நானாவே கையை விரித்துவிட்டார். அதனால் தேய்ந்ததையே துடைத்துத் திரும்பப் பூட்டுவது என்று இவர் முடிவு செய்தார். அதில் டேப்பட் என்று எட்டு இருந்தன. வால்வைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன இரும்புக் கிண்ணங்கள். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் அவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே சோக்கால் நம்பர் போட்டு வைத்திருந்தார்.

“இத மட்டும் தொடாத புள்ள” என்று சொல்லிவிட்டு, என்ஜினுக்கு இடையில் வைக்கிற கேஸ்கட் அட்டை வாங்க ஹட்டனுக்குப் பஸ் ஏறினார்.

தொட்டேன். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பொட்டு வைக்கிற நாளில், என் பிள்ளையைச் சுமக்கப்போகிற இரும்புக்கு வைக்காமல் எப்படி விடுவது? அதுவும் அத்தனை அழுக்கோடு? ஒவ்வொன்றாக எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, சந்தனம் வைத்து, பித்தளைத் தட்டில் பூவைச் சுற்றி வட்டமாக நிறுத்தினேன். மிச்சம் வைப்பானேன் என்று பலகையையும் தேய்த்துக் கழுவி வெயிலில் சாத்தினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

பகல் திரும்பியதும் வந்தார். தட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“திட்டுறதுன்னா திட்டிருங்க” என்றேன்.

“திட்டி என்னா செய்ய. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு மேடு நின்னு சுத்துது. அந்த மேடும் இதுவும் பத்து வருசமா ஒண்ணா தேஞ்சிருக்கு. இடம் மாத்திப் போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுரும். ஒரு வாரம் ஓடும், அப்புறம் நடு ரோட்டுல நிக்கும்.”

“வேற கெடைக்காதா?”

“இன்னைக்கும் நானாகிட்ட கேட்டேன். தை கழிஞ்சுதான் ஆகுமாம்.”

எனக்கு நாள் கார்த்திகையில். திட்டியிருந்தால் திருப்பித் திட்டி மனசை ஆற்றியிருப்பேன். அந்த மனுசன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கேத்தலை அடுப்பில் நங்கென்று வைத்தேன். என்மேல் எனக்கே வந்த கோபம் அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமி கும்பிடப் போனால் அழுகைதான் வந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு பொட்டு ஐந்து சதக் காசு அளவுக்கு இருந்தது. இன்னொன்று கடுகுபோல இருந்தது. நான் இழைத்தது கொஞ்சச் சந்தனம். தீரத் தீரக் கை சுருங்கியிருக்கிறது.

“என்னங்க, இங்க வாங்க. நான் ஒண்ணொண்ணாத்தான் எடுத்தேன். பலகையில தகரம் அடிச்ச பக்கத்துலேருந்து.”

எழுந்து வந்தார். “தகரம் அடிச்ச பக்கந்தான் ஒண்ணாம் நம்பரு.”

இருவரும் குனிந்து, பெரிய பொட்டிலிருந்து சின்னப் பொட்டுவரை பொறுக்கி அடுக்கினோம். ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் ஒரே அளவாக நின்றன. இடையில் அடுத்த காம்பரா காளியாயி அக்கா கற்பூரம் கேட்டு வந்தது, எழுந்து போய் வந்து புதிதாய்த் தொட்டு வைத்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டின் அடியையும் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிடிபடவில்லை.

“நீயே எடுத்துக் குடு” என்றார்.

கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பொட்டாக மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதனதன் குழியில் இறக்கினார். துடைக்கும்போது முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. இவரை எனக்குக் கட்டி வைத்ததற்காக அன்றைக்கு என் அப்பாவை மனசுக்குள் கும்பிட்டேன்.

ஐப்பசியில் என்ஜின் பேசியது. கூடவே ஒரு டிக், டிக்.

“அஞ்சா ஆறா தெரியல. ஆனா தாங்கும்” என்றார். தினமும் மேல் மலைவரை ஓட்டிப்போய், வந்ததும் காது வைத்துக் கேட்பார். என் வயிற்றிலும் காது வைத்துக் கேட்பார். இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

கார்த்திகையில் ஒரு நாள், விடியலில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தில் வலி கண்டது. காளியாயி அக்கா மடியில் தலை வைத்துப் பின்சீட்டில் கிடந்தேன். றொசல்ல வந்தது. டிக், டிக் என்று என்ஜின் பேசிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் நிற்காதவரை எனக்குப் பயமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். றொசல்ல தாண்டியது. ஆஸ்பத்திரி வாசலில்தான் அது நின்றது, அதுவும் இவர் நிறுத்தியதால்.

பெண் குழந்தை. வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை, என் பிள்ளை வேறெப்படி அழும்?

இவர் பார்க்க வந்தார், குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். அப்புறம், “மைப் பொட்டு வைக்கலயா?” என்றார்.

“மையி வீட்டுல கெடக்கு. அந்த அவசரத்துல யாரு எடுத்தா?”

வெளியே போனார். காரின் எண்ணெய் அளக்கிற கம்பியைத் தொட்ட கறுத்த விரலோடு வந்து, மகளின் கன்னத்தில் பெரிதாய் ஒரு பொட்டு வைத்தார். நர்ஸம்மா சிங்களத்தில் ஏதோ சத்தம் போட்டார். அவர் காதில் வாங்கவில்லை.

“இத மட்டும் கழுவிராத புள்ள” என்றார்.

மூன்று நாள் நான் கழுவவில்லை.