நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் இரண்டு ராத்திரியும்

ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகள் அவளுடைய உருளை இயந்திரத்துக்குள் ஈரமாகப் போய் மறுபக்கம் சூடாக வெளியே வரும். பதினாறு வருடமாக நின்றே உழைத்த கால்கள். அந்தக் கால்களை நம்பி, நாற்பத்துமூன்று வயதில், வெளியூரில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கிற நெட்டச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பஸ் பிடிக்கக்கூட நீ ஓட மாட்டியேக்கா?"

"பஸ் போனா அடுத்த பஸ் வரும். வயசு போனா வருமா?"

வீட்டில் அப்பா இருந்தார். ஒன்பது வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் பழைய அதிகாரத்தோடே இருந்தது. அவள் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஓர் ஆயா வருவாள், ராத்திரி தங்கமாட்டாள். அதனால் இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு ராத்திரிகூட வெளியே படுத்ததில்லை. ஓட்டத்துக்கு இரண்டு ராத்திரி வேண்டும். நாலு தெரு தள்ளி இருக்கும் அண்ணனிடம் நாலு மாதம் முன்பே கேட்டாள். "ரெண்டு நாள்தானே, நான் பாத்துக்கறேன்" என்று அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டிவியிடம் சொன்னானோ தங்கையிடம் சொன்னானோ, அவள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

விடிவதற்கு முன் ஓடினாள். முதல் வாரம் தண்ணீர்த் தொட்டி வரை போவதற்குள் நாக்கு தள்ளியது. இரண்டாம் மாதம் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. தெருநாய்கள் கொஞ்ச நாள் துரத்திப் பார்த்துவிட்டு, இது திருந்தாத கேஸ் என்று விட்டுவிட்டன.

"ஓடி ஓடி எங்க போகப்போற? சுத்திட்டு இங்கதானே வரணும்" என்றார் அப்பா.

"சாப்பிட்டாலும் மறுபடி பசிக்கத்தான் செய்யுது. அதுக்காகச் சாப்பிடாம இருக்கீங்களாப்பா?"

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முப்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயாவை வரச்சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே போகும் பெரிய சாலையில் ஓடினாள். இருபத்தாறு முடிந்திருந்தது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. அப்போது ஒரு கார் பின்னாலிருந்து வந்து அவள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கியது. அண்ணன்.

"ஏறு."

அவள் தலையை ஆட்டினாள். பேச்சுக்குக் கொடுக்க மூச்சு மிச்சமில்லை.

"ஊரே பாக்குது. ஏறு சொல்றேன்."

"பாக்கட்டும்."

அவன் காரை அவளோடு சேர்த்து ஊர்ந்துபோக விட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த ரெண்டு நாள் சரிப்படாது போலிருக்கு" என்றான். "அண்ணி வீட்டு ஆளுங்க எல்லாரும் கடலுக்குப் போறோம். ரூம்கூடப் போட்டாச்சு."

"நான்... முதல்ல... கேட்டேன்."

"கேட்ட, இல்லேங்கல. ஓட்டம் அடுத்த வருஷமும் நடக்கும்ல?"

"கடலும்... அங்கயேதான்... இருக்கும்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்பாவ விட்டுட்டுப் போக உனக்கு எப்படித்தான் மனசு வருது?"

"ஒன்பது வருஷமா உனக்கு எப்படி வந்துச்சோ அப்படித்தான்" என்றாள். அதை மட்டும் மூச்சு வாங்காமல் சொன்னாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மீதி தூரத்தை அவள் கோபத்தாலேயே ஓடினாள். கோபம் மூன்று கிலோமீட்டருக்குத்தான் தாங்கியது. கடைசி ஒன்றுக்கு வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். "இந்த வயசுல டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடுறது நம்ம குடும்பத்துக்கு அழகா?"

"முழுக்கால் பேண்ட்தான் போட்டிருந்தேன் அண்ணி. டவுசர் இன்னும் சௌகரியமாம், வாங்கணும். இன்னிலேருந்து மூணாவது சனிக்கிழமை, காலையில பத்து மணிக்கு ரயில். எட்டு மணிக்கு அண்ணன வரச்சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு ஆனது. எட்டரை ஆனது. அண்ணனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முதுகுப் பை வாசலில் தயாராக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தான் செய்வது தப்போ என்று ஒருமுறை நினைத்துத்தான் பார்த்தாள். பிறகு அப்பாவுக்குச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டு, தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டிவந்தாள்.

"நான் என்ன மூட்டையா, அங்க இங்க தூக்கிப்போட?" என்று அப்பா கத்தினார்.

"மூட்டைன்னா இவ்வளவு பேச்சு வராதுப்பா."

அண்ணன் வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பெட்டிகள். அண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டுத் தயாராக நின்றாள். இஸ்திரியக்காவும் ஆட்டோக்காரருமாக அப்பாவைத் தூக்கிக்கொண்டு, அண்ணியைத் தாண்டிப் போய், கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"காலை மாத்திரை குடுத்தாச்சு. மத்தியானம் மஞ்சள் ஒண்ணு, ராத்திரி வெள்ளை ரெண்டு" என்று மாத்திரைப் பையை, உள்ளேயிருந்து வந்த அண்ணன் கையில் திணித்தாள். "தூக்கும்போது இடுப்புக்குக் கீழ கை குடுக்கணும். அக்குளைப் பிடிச்சு இழுத்துடாத."

"என்ன அடாவடி இது?"

"ஆமா, அடாவடிதான். கேட்டுப் பாத்தாச்சு, அது நடக்கல."

அப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் அவர் வந்தே நாலு வருடம் ஆகியிருந்தது. "நின்னுக்கிட்டு என்ன பாக்குற?" என்றார் மகனிடம். "ஃபேனைப் போடு."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள். ரயில் நகர்ந்ததும் காலணியின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் அவள் கோட்டைத் தாண்டினாள். கடைசியிலிருந்து எண்ணினால் பதினேழாவது ஆள். பதக்கம் கொடுத்த பெண் "வாழ்த்துகள்" என்றாள். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள். அண்ணன் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளா என்னைய ஆட்டி வைக்கிறாரு" என்றான். "என் இடுப்பே பிடிச்சுக்கிச்சு. நாளைக்குக் காலையில வந்துடுவல்ல?"

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. குறை சொல்லிக்கிட்டே ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாரு."

அவள் எதிரே நீண்டு கிடந்த தெருவைப் பார்த்தாள். கடைகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"நாளான்னிக்கு வர்றேண்ணா. செவ்வாய் வரைக்கும் லீவு இருக்கு. ஊரு நல்லா இருக்கு, ஓடும்போது சரியா பாக்க முடியல."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டு எழ முயன்றாள். முதல் தடவை முடியவில்லை.