இரண்டு மணை போடும் இடம்

நாகலூர் எஸ்டேட்டில் ரைட்டர் பாக்கியநாதன் காலையில் பேர் கூப்பிட்டால், எதிர்ச் சரிவில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தொண்டை. எண்பத்து நாலாம் வருஷம் அதில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது; குரல் போய் வெறும் காற்றுதான் மிஞ்சியது. ஆள் பிழைத்ததே பெரிய காரியம் என்றது ஊர். அவர் மனைவி லூர்துசெல்வியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் இருபது வருஷம் கேட்ட குரலை எப்படி மறப்பாள்?

போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் புதுக் கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோனார்கள். உயரமான ஹால் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். அந்த ஹாலில் அவர் எது சொன்னாலும் பாதி வழியில் தொலைந்துபோனது.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்று இரண்டு முறை கேட்பாள். மூன்றாவது முறை அவர் கையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார். பிறகு பேசுவதையே விட்டுவிட்டு, வேண்டியதைச் சிலேட்டில் எழுதி நீட்டினார். சிலேட்டோடு எவள் குடித்தனம் நடத்துவாள்?

வீட்டுக்குப் பின்னால் பழைய மண் சமையலறை இன்னும் நின்றது. அதை இடித்துக் குளியலறை கட்ட, திங்கட்கிழமை மேஸ்திரி மனுவேல் வருவதாக ஏற்பாடு. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அங்கே கிடந்த விறகை எடுக்க இருவரும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் அடுப்பருகே பழைய மணைகளில் உட்கார்ந்தார்கள். அந்த அறையைக் கட்டிய கொத்தன் சின்னன் அளவு டேப்பைத் தொட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் இவர்களை இதே மணைகளில் உட்காரவைத்து, சுற்றிலும் குச்சியால் கோடு கிழித்து, கோட்டின் மேலேயே சுவர் எழுப்பினான். மூலையே இல்லாத வளைந்த சுவர். எட்டித் தொடும் உயரத்தில் புல் கூரை. கோழிக்கூடு என்று அவள் வருஷக்கணக்காகத் திட்டிய இடம். இருவரின் முழங்கால்களும் இடித்துக்கொண்டன. புல் தடிமனாக இருந்ததால் மழைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

"ஏம்புள்ள, இன்னிக்குக் கொழம்புல உப்பு நொம்பத் தூக்கல்."

ஒரு சொல்கூடச் சிந்தாமல் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. "கேக்கலயா?"

"நல்லாக் கேட்டுச்சுங்க. அதனாலதான் சொல்லச் சொல்றேன்."

அவர் சொன்னார். அதோடு நிற்கவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு தேங்கிக் கிடந்த ஏழு மாதப் பேச்சும் கொட்டியது. கடைசியாக, "ஆபரேஷனுக்கு முன்னால நொம்பப் பயந்துட்டேன் புள்ள," என்றார். லூர்துசெல்வி அழுதாள். அழுதுகொண்டே அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சின்னனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்தது என்று மலைத்துப்போனாள்.

மறுநாள் கடப்பாரையோடு வந்த மனுவேலை வாசலிலேயே நிறுத்தினாள்.

"குளியலறைய அந்தப் பக்கம் கட்டிக்கலாமுங்க. இது இருக்கட்டும்."

"ஏனுங்கக்கா, இதுல ரெண்டு பேருக்கு மேல உக்காரவே முடியாதுங்களே!"

"ரெண்டு பேருக்குக் கட்டுனதுதானுங்க."

அன்று மத்தியானம் சமையல் பழைய அடுப்பில். குழம்பு கொதித்ததும் லூர்துசெல்வி ருசி பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது. இரண்டு மணைகளையும் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்பை அள்ளிப் போட்டாள்.