கிரேன்காரரின் நெஞ்சு

செருப்பு அறுந்தால் ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொள்கிற அவள் கணவர் கிரேன்காரர், "பெரிய பிளானே போட்டுடலாம்" என்று சொன்னபோதே அவளுக்குச் சுருக்கென்றது.

பாலிசி அண்ணன் சோபாவின் நுனியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். கிரேன்காரர் வேலை பார்க்கும் கட்டுமானக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவ இன்ஷூரன்ஸை மாற்றிக்கொள்ளலாம். சாதா பிளான் என்றால் கம்பெனியே கட்டிவிடும். பெரிய பிளான் என்றால் மீதியைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லியாக வேண்டும். வந்த நாளிலிருந்து அவர்களுக்குச் சாதாதான்.

"சாதாவுல காய்ச்சல், பல்வலி, கை கால் முறிவு, டாக்டரைப் பார்க்குறது, டெஸ்ட்டு எல்லாம் வந்துடும் அண்ணி. நெஞ்சைத் திறக்குற வேலை, கிட்னி, அந்த மாதிரி பெரிய ஆபரேஷன்னா பெருசுலதான் வரும்."

"நம்ம வீட்டுல யாருக்கு நெஞ்சைத் திறக்கணும்?" என்றாள் அவள்.

"வந்தப்புறம் கேட்டா குடுப்பானா?" என்றார் கிரேன்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டே. பேச்சு பெண்டாட்டியோடு, பார்வை சுவரோடு. இது இரண்டாவது சுருக்.

சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் அவள். விலை குறைந்த பாக்கெட்டின் ஸ்டிக்கரைப் பிய்த்து விலை கூடியதில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை, முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவர்கள் கேஷியரைப் பார்க்க மாட்டார்கள். வேறெங்கோ பார்ப்பார்கள். வீட்டில் அவளுக்குக் கிரேன்காரர் வைத்த பெயர் சி.ஐ.டி.

பாலிசி அண்ணனை வழியனுப்பும் சாக்கில் லிஃப்ட் வரை போனாள்.

"பெருசு போட்டா உங்களுக்குக் கமிஷன் நல்லா நிக்குமோ?"

"ஐயோ அண்ணி! பழியை என் தலையில போடாதீங்க. நானா சொன்னேன்? அண்ணன்தான் போன வாரமே போன் பண்ணி, நெஞ்சு ஆபரேஷனுக்கு எந்த பிளான்னு கேட்டாரு. யாருக்குண்ணேன்னேன். பொதுவா கேட்டேன்னாரு." லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அவரே ஒரு வார்த்தை சேர்த்தார். "பொதுவா யாரும் கேக்க மாட்டாங்க அண்ணி."

மறுநாள் கடையில் இடைவேளையின்போது அவள் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். கணவர் போன் எடுக்கவில்லை, அவசரத்துக்கு அழைக்க உங்கள் எண் இருக்கிறது, அதனால் கூப்பிடுகிறோம் என்றாள். கிரேன் மேலே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் போனைத் தொட மாட்டார்.

"இதய டாக்டரைப் பார்க்க நேற்று உங்கள் கணவர் வரவில்லை. இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லச் சொன்னார். வியாழக்கிழமை மாலை வரச் சொல்கிறீர்களா?"

"கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, காய்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்பாவுக்கும் நெஞ்சுதான். வயதே ஆகவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. தம்பி குட்டிக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. இப்போது இந்த மனிதரும் அதையே மூடி மறைத்துக்கொண்டு, தினமும் அத்தனை உயரம் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் கம்பெனியில் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயமா? என்னிடம்கூடவா சொல்லக்கூடாது?

நேராகக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அதனால் கேட்கவில்லை, கண்காணித்தாள். அவர் தூங்கும்போது மூச்சைக் கவனித்தாள். சட்டைப் பையில் மாத்திரை தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது. மாத்திரையைக்கூட வேலை இடத்தில் வைத்துவிட்டுத்தான் வருகிறார் என்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! சமையலில் எண்ணெயையும் உப்பையும் பாதிக்கு மேல் குறைத்தாள். கிரேன்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார். உப்பில்லாத சாப்பாட்டை வாய் திறக்காமல் சாப்பிடுகிற ஆண்பிள்ளை நிச்சயம் எதையோ மறைக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

புதன்கிழமை குட்டி சாப்பிட வந்தான். பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கம்பெனி என்று ஒன்று கிடையாது, ஓடினால் கூலி. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்தவன் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தான்.

"என்னக்கா, உப்பு போட மறந்துட்டியா?"

"உடம்புக்கு நல்லதுடா."

"யார் உடம்புக்கு?"

"தேவைப்படுறவங்க உடம்புக்கு" என்றாள், கணவரைப் பார்த்து. மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் சட்டென்று பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டதும் இரண்டு பேரும் பால்கனிக்குப் போனார்கள். துணி எடுக்கிற மாதிரி அவளும் போனாள். "எனக்குப் பயமா இருக்கு மாமா" என்று குட்டி சொல்வது காதில் விழுந்தது. அவள் தலையைக் கண்டதும், "மழை வரும்போல மாமா" என்றான். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அப்படியானால் தம்பிக்கும் தெரியும். அவள்கூடப் பிறந்தவனிடம் சொல்லியாகிவிட்டது, கட்டிக்கொண்டவளிடம் சொல்லவில்லை. துணியை மடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று அவளுக்கே புரியவில்லை.

வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்தவரை முகம்கூடக் கழுவவிடாமல் கிளப்பினாள். "கடைக்குப் போகணும், பை தூக்க ஆள் வேணும்." பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கடை எங்க?"

"எல்லாம் தெரியும். பேசாம வாங்க."

"என்ன தெரியும்?"

"இதய டாக்டர் தேடுறார். போன் வந்துச்சு."

கிரேன்காரரின் முகம் வெளிறியது. "இந்தா பாரு, நான் சொல்றதைக் கேளு, இன்னைக்கு வேணாம்..."

"செத்தப்புறம் சொல்லப் போறீங்களா?"

வரவேற்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் நடந்தார்.

டாக்டர் வயதான, மெலிந்த மனிதர். வருகிறவன் முகத்தைவிட மார்பைத்தான் அதிகம் பார்ப்பார் போலிருந்தது. "வந்துவிட்டீர்களா, நல்லது" என்று சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கேட்டார். இடம் மாற்றி வைத்தார். இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். மூச்சை நிறுத்தச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

பக்கத்து அறையில் எக்கோ மெஷின் இருந்தது. பசை தடவி, நெஞ்சின் மேல் கருவியை உருட்டினார். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ திறந்து திறந்து மூடியது.

"இந்த வால்வு நன்றாக மூடுகிறது" என்றார் டாக்டர்.

"அப்படின்னா... சரியாயிடுச்சா டாக்டர்?"

"போன மாதம் நான் பார்த்த வால்வு மோசமாகக் கசிந்தது. அம்மா, வால்வு காய்ச்சல் இல்லை. மாத்திரைக்கு ஆறாது."

"உப்பைக் குறைச்சா..." என்று கிரேன்காரர் ஆரம்பித்தார்.

"உப்பைக் குறைத்தாலும் ஆறாது."

டாக்டர் இப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நான் வெளியே ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்."

கதவு மூடியது.

"யாரு?" என்றாள் அவள்.

"என்ன யாரு?"

"உங்க இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கிட்டு, உங்க பேரைச் சொல்லிக்கிட்டு இங்க வந்து போறது யாரு?"

"மெதுவாப் பேசு."

ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியவன் முகம் இப்படித்தான் இருக்கும். ஆனால் எந்தப் பாக்கெட்டில் எந்த ஸ்டிக்கர்? பால்கனிப் பேச்சு காதில் திரும்பி ஒலித்தது. சோபாவில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவன் கண்முன் வந்தான். அவள் எக்கோ கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டியா?"

கிரேன்காரர் நெஞ்சில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். "வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்துருக்கு. அவனுக்கு ஏது இன்ஷூரன்ஸ்? கார்டுல போட்டோ இல்ல. ஒரு தடவை பார்த்துட்டு வரட்டும்னு குடுத்தேன். பார்த்தா வால்வுன்னுட்டாங்க. உங்கப்பாவுக்கு இருந்த அதே கோளாறாம். அக்காகிட்ட சொன்னா அன்னைக்கே செத்துடுவா மாமான்னு சத்தியம் வாங்கிட்டான்."

"அதுக்குத்தான் பெரிய பிளானா?"

"ஆமா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டா, என் பேர்ல ஆபரேஷன் நடந்துடும். இப்ப டாக்டர் வந்தா மெஷின் சரியில்லைன்னு சொல்லுவோம். அவனை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ மட்டும் வாயைத் திறக்காதே."

அவள் அவரையே பார்த்தாள். தன் தம்பிக்காக இந்தக் கஞ்சன் சம்பளத்தையே பிடிக்கச் சொல்லியிருக்கிறான். அந்த நேரத்திலும் அவளுக்கு அது உறைத்தது. அதைவிட இன்னொன்று உறைத்தது.

"நெஞ்சைத் திறந்து வச்சிருக்கும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"வாயைக் கழுவு."

"ஆச்சுன்னா செத்தது யாரு? நீங்க. பொணம் உங்க பேர்ல வரும். அப்புறம் அவன் எங்கேன்னு எங்கம்மா கேட்டா நான் யாரைக் காட்டுவேன்? சரி, ஒண்ணும் ஆகலைன்னே வையுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, இவருக்கு வால்வு மாத்தியிருக்குன்னு நெனச்சு உங்களுக்கு வைத்தியம் பார்ப்பாங்க. ரெண்டு பேரையும் சேர்த்துத் தொலைக்கணுமா நான்?"

"சொன்னா கார்டைப் புடுங்கிடுவாங்க. என் வேலையும் போகலாம். அவனுக்கும் வைத்தியம் கிடைக்காது. யோசிச்சியா?"

யோசித்தாள். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கதவு திறந்தது.

"போன மாசம் வந்தது இவர் இல்ல டாக்டர்" என்றாள். "என் தம்பி."

கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"இப்போது எங்கே இருக்கிறான்?"

"பைக்ல... பார்சல் குடுத்துக்கிட்டு."

"பைக்கிலா?" டாக்டரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அவன் படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தேன். கூப்பிடுங்கள்."

கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கிரேன்காரரும் தன் போனில் முயன்றார். ஒவ்வொரு மணியோசைக்கும் ஒரு சாலை, ஒரு திருப்பம், ஒரு லாரி என்று அவள் மனம் எங்கெங்கோ ஓடியது. கடைசியில் குரல் வந்தது.

"என்னக்கா, கஸ்டமர் கத்துறான்..."

"வண்டியை ஓரமா நிறுத்து. சாவியை எடு. டாக்ஸி புடிச்சு இதய ஆஸ்பத்திரிக்கு வா."

எதிர்ப்பக்கம் எஞ்சின் சத்தம் நின்றது. "மாமா சொல்லிட்டாரா?"

"வாடா முதல்ல."

காத்திருந்த நேரத்தில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கார்டு விஷயத்தை அவர் எழுதித்தான் ஆகவேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவனை இன்ஷூரன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்ப இந்த ஆஸ்பத்திரியில் வழக்கமில்லை. செலவைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்யும் பிரிவு கீழே இருக்கிறது. "அவன் சொந்தப் பெயரில் வந்தால்" என்று அழுத்திச் சொன்னார்.

பாலிசி அண்ணன் போன் செய்தார். நாளைக்குக் கடைசி நாள், எந்த பிளான் அண்ணி? "கார்டே மிஞ்சுமான்னு தெரியலைண்ணே. மிஞ்சினா சாதாவே போடுங்க. இவர் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

குட்டி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான். அக்காவைப் பார்த்தான், உள்ளே வரவில்லை. உதடு கறுத்திருந்தது. இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

"என்ன மாமா, சத்தியம் பண்ணிட்டு..."

"நான் எங்கடா சொன்னேன்? என் நெஞ்சு காட்டிக் குடுத்துடுச்சு" என்றார் கிரேன்காரர்.

"அக்கா, மாமா வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காதே. உயிரோட இருந்து மிதிக்காம இரு. வா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் நிமிராமலே பெயர் கேட்டாள். குட்டி, பழக்க தோஷத்தில், மாமாவின் பெயரைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி, தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெண் ஏறிட்டுப் பார்த்தாள்.

"இன்ஷூரன்ஸ்?"

"இல்லை" என்றாள் அவள், முந்திக்கொண்டு.

"உட்காருங்கள், கூப்பிடுவோம்."

மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிரேன்காரர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். யாரும் அதைச் சொல்லவில்லை. நாளை கம்பெனியிலிருந்து என்ன போன் வருமோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

குட்டியின் பெயர் ஒலித்தது. அவன் அசையவில்லை. இந்தக் கட்டடத்தில் யாரும் அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை.

"உன்னைத்தான்டா" என்றார் கிரேன்காரர், எழுந்து அவனுக்குக் கை கொடுத்தபடி.