நேசமணி கேட்காத பாட்டு

மகள் பிரிசில்லா, தான் குடியிருக்கும் செமினியிலிருந்து அனுப்பிய பாட்டை நேசமணி இன்னும் திறக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேலாக அது வாட்சாப்பில் அப்படியே கிடந்தது. சின்னதாக ஒரு சிலுவைப் படம், பின்னால் சூரிய உதயம், கீழே பாட்டின் பெயர். பாடியவர் ஆசீர், நேசமணியின் கணவர். வருகிற சனிக்கிழமையோடு அவர் போய் ஒரு வருடம்.

அந்த ஒரு வருடத்தில் அவர் முகம் மங்கவில்லை. படங்கள் இருக்கின்றன. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, "நேசம், தே போட்டாச்சா?" என்று அவர் தேநீர் கேட்பதை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாள். வார்த்தைகள் வரும். ஆனால் அவள் குரலில்தான் வரும்.

தேவாலயத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்தவர் ஆசீர். கல்யாணமோ அடக்க ஆராதனையோ, மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார். கைப்பேசியில் பேசி அனுப்பவும் மாட்டார், எதையும் தட்டித்தான் அனுப்புவார். ஊரார் குரலையெல்லாம் சரி செய்து கொடுத்த மனிதரின் குரல் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவானது. கிள்ளானில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த நாகையா ஒரு கிறிஸ்தவப் பாடல் குறுந்தட்டு வெளியிட்டார். பாட வந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் ஒரு பாட்டை ஆசீரைப் பாட வைத்துவிட்டார்கள். வீட்டில் இருந்த தட்டைப் பாடகர் குழுவில் யாரோ இரவல் வாங்கிப்போக, அது வீடு வீடாகச் சுற்றி எங்கோ தங்கிவிட்டது.

இப்போது அதே பாட்டை முகம் தெரியாத ஒருவர் யூடியூபில் ஏற்றியிருந்தார். பிரிசில்லா அனுப்பியது அந்த இணைப்பைத்தான். பாட்டின் பெயருக்குக் கீழே, 'ஊழியத்துக்காக மட்டும்' என்று எழுதியிருந்தது.

அதைப் படித்ததும்தான் நேசமணியின் விரல் நின்றது. அந்த வார்த்தையோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் ஆசீர். பாடகர் குழுத் தலைவர் லோகன் ஒரு முறை பாட்டுப் புத்தகம் ஒன்றை முழுசாக நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காசு குடுத்து வாங்கினா என்ன லோகா?" என்றார் ஆசீர்.

"ஊழியத்துக்குத்தானே அண்ணே. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு லா."

"கர்த்தர் கோவிக்கிறது இருக்கட்டும். எழுதினவன் வீட்டுல அடுப்பு எரிய வேணாமா? திருட்டுச் சாமான கொண்டுபோய் பலிபீடத்துல வைப்பியா நீ?"

"அண்ணே, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசீரும் சிரித்தார். ஆனால் அந்த நகலை வாங்க மறுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பிரிசில்லா மறுபடி அழைத்தாள்.

"கேட்டீங்களா இல்லையாம்மா? சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துல அத போடப்போறேன். ஸ்பீக்கர் நான் கொண்டு வரேன்."

"நாகையாகிட்ட கேட்டியா?"

"யாரு நாகையா?"

"பாட்டுக்குச் சொந்தக்காரர்."

"ஐயோ அம்மா, ஊரே சும்மா கேக்குது. அப்பா குரல்மா அது. அத கேக்க யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"குரல் அப்பாவோடது. பாட்டு அவரோடது."

"அப்பா இல்லாத கொறைய நீங்க தீர்த்து வைக்கிறீங்க" என்று சொல்லிப் பிரிசில்லா போனை வைத்துவிட்டாள். அது கோபமா அழுகையா என்று நேசமணிக்குத் தெரியவில்லை.

அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கர்த்தரிடம் கேட்டாளா, ஆசீரிடம் கேட்டாளா என்று அவளுக்கே தெளிவில்லை. 'களவு செய்யாதே' என்ற எட்டாம் கட்டளையில் துக்கத்தில் இருப்பவர்களுக்கு என்று விலக்கு எதுவும் கிடையாது. அதைவிட, அவர் வெறுத்த வழியில் அவர் குரலை வாங்கிக் கேட்டால், கேட்கும்போது அவர் முகத்தை எப்படி நினைப்பது? மறுநாள் காலை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனாள்.

நாகையா இப்போது ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தெங்கு கிளானா சாலைக்குப் பின்புறம் ஒரு சிறிய கடை. சுவரில் முருகன் படம், அதன் கீழே மேசை நிறைய வயர்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஆசீர் அண்ணே வீட்டுக்காரம்மாதானே? வாங்கக்கா, உக்காருங்க. அண்ணே எப்படி இருக்காரு?"

"போன வருஷம் தவறிட்டாரு தம்பி."

நாகையா கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "எனக்கு யாருமே சொல்லலியே அக்கா" என்றார். நேசமணிதான் பேச்சை எடுத்தாள்.

"அவரு பாடின பாட்ட யாரோ யூடியூப்ல போட்டிருக்காங்க. அத எடுத்துக்க உங்க அனுமதி வேணும். சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துலயும் போடணும்."

நாகையா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, உங்க ஆளுங்கள்ல என்கிட்ட வந்து கேட்ட மொத ஆள் நீங்கதான். தட்டு வெளியான மாசமே சர்ச்சு சர்ச்சா காப்பி போயிருச்சு. கேட்டா ஊழியம்கிறாங்க. முருகன கும்பிடறவனுக்கு அதெல்லாம் புரியாதுன்னு நெனச்சாங்களோ என்னவோ."

உங்க ஆளுங்க என்றது அவளையும் சேர்த்துத்தான் சுட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்ட அசல் பதிவு இருக்குமா தம்பி?"

"வெள்ளத்துல போச்சுக்கா. கம்ப்யூட்டர், தட்டு, எல்லாம். என்கிட்டயும் அந்தத் திருடன் போட்டதுதான் இருக்கு. அதான் புகார் குடுக்காம வுட்டு வச்சிருக்கேன். நீங்க தாராளமா எடுத்துக்குங்க, முழு சம்மதம். எடுத்ததும் அத தூக்கச் சொல்லிடறேன். உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"அவரு இருந்தா இவ்வளவு நாள் வுட்டு வச்சதுக்கே உங்கள திட்டியிருப்பாரு."

நாகையா சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"இப்பவே கேக்கலாமா?" என்றாள்.

பெரிய ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. முதலில் இசை. நேசமணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் வந்தது. மெல்லிய, அவசரமான ஓர் இளைஞனின் குரல். அடுத்த அடியில் அவர் வந்துவிடுவார் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இது அவரு இல்ல."

"அண்ணேதான் அக்கா. பக்கத்துல நின்னு பதிவு பண்ணவன் நான்."

"இல்ல தம்பி. அவரு இல்ல."

நாகையா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அடப்பாவி! யூடியூப் கண்டுபுடிச்சு தூக்காம இருக்க இவனுங்க சுருதிய ஏத்தி வேகத்தையும் கூட்டி விடுவானுங்க அக்கா. போன்ல கேட்டப்ப எனக்கு ஒறைக்கவே இல்ல. திரும்ப எறக்கிடலாம். ஆனா எவ்வளவுன்னு தெரியலியே. அண்ணே எந்தச் சுருதில பாடினாருன்னு ஞாபகம் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

கணினியில் கொஞ்சம் இறக்கினார். "இன்னும்" என்றாள். இறக்கினார். "இது சளி புடிச்ச மாதிரி இருக்கு." ஏற்றினார். ஒவ்வொன்றிலும் ஆசீர் கொஞ்சம் இருந்தார். எதிலும் முழுசாக இல்லை. கேட்கக் கேட்க அவளுக்குக் குழம்பியது. பயமும் வந்தது. அவர் குரலை நிஜமாகவே மறந்துவிட்டாளா? யாரோ ஒருவர் குரலைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட்டால், இனி சாகும்வரை அதைத்தானே ஆசீர் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பாட்ட நிறுத்துங்க தம்பி. நான் பாடறேன்."

அந்தத் தட்டு வந்த நாளிலிருந்து வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அதுதான் பாட்டு. ஆசீர் எடுத்துக் கொடுப்பார். எடுக்கிற சுருதி தட்டில் பாடிய அதே சுருதிதான், ஒரு நாளும் மாறாது. அதற்குக் கீழே, அதோடு இணையும் வேறு மெட்டில், இரண்டாம் குரலாக, அவள் சேர்ந்துகொள்வாள். எங்கே சேர வேண்டும் என்று யோசித்ததே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு தன் பங்கை மட்டும் பாடினாள். தனியாகக் கேட்க அது ஒரு பாட்டாகவே இல்லை, பாதிச் சுவர் மாதிரி நின்றது. நாகையா அவள் குரலுக்கு மேலே ஆசீரின் குரலை மெதுவாக விட்டார். முதலில் இரண்டும் உரசின. வேகத்தைக் குறைத்தார், சுருதியை இறக்கினார், இன்னும் ஒரு மயிரிழை இறக்கினார். உரசல் நின்றது. அவளுக்கு மேலே, அவள் விட்டிருந்த இடத்தில், ஆசீர் வந்து நின்றார்.

நேசமணி கையை உயர்த்திக் காட்டினாள். நாகையா மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"சரியா இருக்காக்கா?"

பதில் சொல்ல வேண்டுமென்றால் அவள் பாடுவதை நிறுத்த வேண்டும். இரண்டாம் சரணம் தொடங்கிவிட்டது, அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.