குண்டம்மாவின் ஈரல்

பூனைகளின் ஈரலைப் பற்றிப் பேசச் சொன்னால் கால்நடை டாக்டருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஈரல் கெட ஆரம்பித்திருப்பதை ரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடும் சோதனை ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். நோயாளிப் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நலமான பூனைகள்தான் போதவில்லை. வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று குண்டம்மாவைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பெயருக்கேற்ற உடம்பு. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏறப்போகும் பூனை கொஞ்சம் இளைத்திருந்தால் எடுப்பாக இருக்கும் என்று டாக்டருக்குப் பட்டது. மீனை நிறுத்திவிட்டு, இளைக்கவைக்கும் தீனியை வைத்தார். குண்டம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பசித்தால் தின்னும் என்றார். அது எதையுமே தொடவில்லை என்று மனைவி தினமும் சொன்னாள். டாக்டர் ‘ம்’ கொட்டினார். ம் கொட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அடுத்த வாரம் அதன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். நோயாளிப் பூனைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு ஈரல் கேட்டைக் காட்டும் எண் எகிறியிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டாக்டர் இயந்திரத்தைத் திட்டினார், ரசாயனத்தைத் திட்டினார், குளிர்பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே எண். நலமான பூனையையே இந்தச் சோதனை நோயாளி என்கிறதே, இத்தனை வருட உழைப்பும் பாழ் என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

மனைவி பூனையின் காது மடலைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் மஞ்சளாக இருந்தது.

காமாலை என்று டாக்டருக்குப் பார்த்ததும் புரிந்தது. குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று வருடா வருடம் மாணவர்களுக்கு மேசையைத் தட்டிச் சொல்பவரே அவர்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்துவிட்டது. முட்டாள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அதற்கு மறுசோதனை தேவைப்படவில்லை.

குண்டம்மாவின் கழுத்தில் குழாய் வைத்து, கரைத்த உணவை வேளாவேளைக்குத் தன் கையாலேயே ஏற்றினார். பிழைக்குமா என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தன் சோதனை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்பது நடுவில் டாக்டருக்கு உறைத்தது. சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

ஒரு மாலை குண்டம்மா தானாக எழுந்து, தள்ளாடிப் போய், மனைவி வைத்த மீனை நக்கியது. பிறகு கடித்தது. டாக்டர் பரபரவென்று பையைத் திறந்து ஊசியை எடுத்தார். எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உடனே பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

“ஊசிய கீழ வைங்க,” என்றாள் மனைவி. “சாப்பிடுது. அது உங்க கண்ணுக்குத் தெரியுதா, இல்ல அதுக்கும் ரத்தம் எடுக்கணுமா?”

“தெரியுது,” என்றார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கண்ணில் நீர் முட்டியதால், உண்மையில் அவருக்குப் பூனையும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை.