அப்பத்துக்குப் போடுற மதுவம்

குண்டு வெடித்த மறுநாளே கம்பஸை மூடிவிட்டார்கள். உயிருள்ள ஒன்றை ஆய்வுகூடத்தில் அநாதையாக விட்டுவர சரோஜினிதேவிக்கு மனம் வரவில்லை. போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் தான் வாடகைக்கு இருந்த ஐறீன் அன்ரியின் வீட்டுக்கே கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தாள்.

போத்தலில் இருந்தது மதுவம். தன் ஆராய்ச்சிக்காக அதற்கு அவள் கட்மியம் என்ற நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீத்தி வளர்த்திருந்தாள். மதுவமும் லேசுப்பட்டதில்லை. சாகாமல் தப்ப, அந்த நஞ்சைக் கந்தகத்தோடு சேர்த்துக் கண்ணுக்கே தெரியாத மணிகளாகத் தனக்குள் உருட்டிவைத்துவிடும். அந்த மணிகள் குறைகடத்திகள்; ரேடியோவுக்கும் கம்பியூட்டருக்கும் உயிரான சாமானின் சாதி. தொழிற்சாலை படுகிற பாட்டை ஒரு பூஞ்சணம் சத்தமில்லாமல் செய்கிறதே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதென்ன பிள்ளை, மஞ்சளா?" என்று அன்ரி கேட்டார்.

"மதுவம், அன்ரி. ஈஸ்ற்."

"அப்பத்துக்குப் போடுறதோ?"

"ஓம், அதேதான். ஆனா தொடாதேங்கோ."

நஞ்சென்று சொன்னால் பிரிட்ஜில் இடம் கிடைக்காது. பாதி உண்மையாவது சொன்னோமே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். படித்தவளின் கெட்டித்தனம்!

இரண்டு நாளில் ஆமிக்காரர் தெருவைச் சுற்றிவளைத்தார்கள். வீட்டுக்குள் வந்த அதிகாரி பிரிட்ஜைத் திறந்து போத்தலைத் தூக்கினான்.

"மொகத மேக்க?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

சரோஜினிதேவி கணக்குப் போட்டாள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, வீட்டில் இரசாயனம். உண்மையைச் சொன்னால் பிடித்து மறியலில் போட்டுவிடுவார்கள்.

அன்ரி முந்திக்கொண்டார். "ஆப்ப ஹதன்ன, மாத்தயா." அப்பம் சுட என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதிகாரியும் சிரித்தான். ஆனால் விடவில்லை. "எஹெனங் பீலா பென்னன்ன." அப்படியென்றால் குடித்துக் காட்டச் சொன்னான்.

அன்ரி யோசிக்கவேயில்லை. கிளாஸை எடுத்து ஊற்றினார். அவருக்கென்ன பயம், அவர் அறிய அது ஈஸ்ற்தானே!

அன்ரி குடித்துவிட்டால் சரோஜினிதேவி தப்பிவிடுவாள். அந்த நினைப்பு வந்தது, வந்து நின்றது. கடவுளே, அவள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளாஸ் உதட்டில் பட்ட பிறகுதான் கத்தினாள்.

"நஞ்சு அன்ரி! வஹ! வஹ!"

பாய்ந்து தட்டிவிட்டாள். கிளாஸ் நொறுங்கியது. துவக்குகள் அவள் பக்கம் திரும்பின. ஒருவன் அவள் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான். "நஞ்சா?" என்று அதிகாரி சிங்களத்தில் கத்தினான். மஞ்சள் தண்ணீர் நிலத்தில் ஓடியது.

அன்ரி சட்டை நுனியால் உதட்டைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அவருடைய கண் சரோஜினிதேவியின் முகத்தை விட்டு அசையவில்லை.

"வாய்க்குக் கொண்டுபோகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனி, என்ன பிள்ளை?"

 

இவளைத் தெரியுமா என்று அதிகாரி அன்ரியிடம் கேட்டான்.

"தெரியாது," என்றார் அன்ரி.